அடிபட்ட ஆந்தை கையில் கிடைத்தால்: அறிகுறி பார்த்து அடுத்த வேலை

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஆந்தைக்காகப் போன் வருவது பெரும்பாலும் விடியற்காலையில்தான். வாவிக்கு வலை எடுக்கப் போனவர், கல்முனை வீதியில் பால் ஏற்றிக்கொண்டு போனவர், சுபஹுத் தொழுகைக்குக் கிளம்பியவர், இப்படி யாராவது கண்டிருப்பார். எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "இதுக்கு என்ன தின்னக் குடுக்கிற?" இப்போதைக்கு ஒன்றும் கொடுக்க வேண்டாம், தண்ணீரும் பருக்க வேண்டாம். ஏன் என்று கீழே வரும்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆந்தைகள் இலங்கையில் பாதுகாக்கப்பட்ட பறவைகள். 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதியில்லாமல் வீட்டில் வைத்து வளர்க்க முடியாது. கண்டெடுத்தால் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்குச் சொல்லுங்கள். அவர்கள் வர நேரமானால் பக்கத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். மருந்து, ஊசி எல்லாம் வைத்தியரின் வேலை. அதற்கு முன்னும் பின்னும் நம் கையில் இருப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எந்த அறிகுறியானாலும் முதல் அரை மணி நேரம்

பழைய சாரம் அல்லது தடித்த துவாய் ஒன்றைத் தலையோடு சேர்த்துப் போர்த்துங்கள். கண் மறைந்தவுடன் பாதி ஆவேசம் அடங்கிவிடும். சொண்டுக்கு எல்லோரும் பயப்படுவார்கள். உண்மையில் பயப்பட வேண்டியது காலுக்கு. பின்பக்கமாகப் போய், செட்டை இரண்டையும் உடலோடு அணைத்து, தொடைக்குக் கீழே இரண்டு காலையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். நகம் கையில் ஏறிவிட்டால் இழுக்காதீர்கள். இழுக்க இழுக்க இறுக்கும். காலை மெல்ல நீட்டிவிட்டால் பிடி தானாகத் தளரும்.

பிறகு மட்டைப் பெட்டி. பறவை நிற்கவும் திரும்பவும் இடம் இருந்தால் போதும், செட்டை விரிக்கும் அளவு வேண்டாம். பக்கவாட்டில் கீழ்ப்பகுதியில் சில துளைகள், அடியில் துவாய், மூடி, இருட்டான சத்தமில்லாத அறை. கிளிக்கூடு, கோழிக்கூட்டுக் கம்பி வலை இரண்டும் வேண்டவே வேண்டாம். ஒரு இரவுக்குள் இறகு நுனியெல்லாம் உடைந்து, பத்து நாளில் விட வேண்டிய பறவை அடுத்த இறகு உதிர்வு வரை மாதக்கணக்கில் உங்களிடமே இருக்கும்.

பெட்டியின் மேல் மூன்று விஷயம் எழுதுங்கள்: எந்த இடம், எத்தனை மணி, எந்த நிலையில் கிடந்தது. "ஏறாவூர்" என்று மட்டும் எழுதினால் பிரயோசனமில்லை. எந்த வீதி, எந்த மரத்தடி என்று வேண்டும். திரும்ப விடும் நாளில் இதுதான் தேவைப்படும்.

தகரக் கூரை வீடுகளில் ஒரு கவனம். கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் மத்தியானம் பெட்டிக்குள் அவிந்துபோகும். வாயைத் திறந்து தொண்டையைப் படபடவென்று துடிக்கவிட்டால் அதற்குச் சூடு தாங்கவில்லை. சீமெந்துத் தரையில், காற்றோட்டமான மூலைக்கு மாற்றுங்கள். மின்விசிறியை நேராகப் பிடிக்க வேண்டாம்.

கையைக் கீறிவிட்டதா? சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவி, ஏற்பு ஊசி போட்டு நாளாகியிருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர் நோய் பற்றிப் பலர் கேட்பார்கள். அது பாலூட்டிகளின் நோய், பறவையிடமிருந்து வராது.

அறிகுறி: நிலத்தில் குந்தியிருக்கிறது, கிட்டப் போனாலும் பறக்கவில்லை, காயம் எதுவும் தெரியவில்லை

முதலில் குஞ்சா என்று பாருங்கள். தலையிலும் வயிற்றிலும் பஞ்சு மாதிரி மயிர் ஒட்டியிருந்தால், வால் கட்டையாக இருந்தால், குஞ்சு. சொண்டைச் சடசடவென்று அடித்து, உடம்பை உப்பவைத்துச் சீறும். அதைப் பார்த்து அடிபட்டுவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். ஆந்தைக் குஞ்சுகள் பறக்கப் பழகுமுன்னே பொந்தைவிட்டு வெளியே வந்து கிளையில் தத்தித் திரியும், சில விழும். தாய் தகப்பன் பக்கத்து மரத்திலேயே இருக்கும், இருட்டியதும் வந்து ஊட்டும். காயமில்லாத குஞ்சை ஒரு கூடையில் சருகு போட்டு, பூனையும் நாயும் எட்டாத உயரத்தில் அதே மரத்திலோ பக்கத்து மரத்திலோ கட்டிவையுங்கள். கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் கதை. தூரத்தில் நின்று பாருங்கள். இரவு முழுக்க எதுவும் வரவில்லை என்றால்தான் எடுக்க வேண்டும். பட்ட தென்னையோ பனையோ தறித்ததில் பொந்தோடு விழுந்த குஞ்சு என்றால், உடைந்த துண்டையே பக்கத்து மரத்தில் நிமிர்த்திக் கட்டிவிடலாம். கேட்க வேடிக்கையாக இருந்தாலும் சரியாக வரும்.

வளர்ந்த பறவை என்றால் பெரும்பாலும் வாகனத்தில் மோதியது, இல்லாவிட்டால் பட்டினி. மார்பின் நடுவில் ஓடும் எலும்பை விரலால் தடவுங்கள். இரண்டு பக்கமும் சதை நிரம்பியிருந்தால் நேற்று வரை நன்றாக இரை பிடித்த பறவை, மோதல்தான். எலும்பு கத்தி முனை மாதிரித் துருத்தினால் பல நாளாகச் சாப்பிடவில்லை. அப்படியானால் இன்று கண்ட பிரச்சினைக்குப் பின்னால் பழைய பிரச்சினை ஒன்று இருக்கிறது. "சாப்பிட மாட்டேன் என்கிறது" என்ற பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: தலை ஒரு பக்கம் சாய்கிறது, ஒரு கண் மூடியிருக்கிறது, கண்மணி இரண்டும் ஒரே அளவில் இல்லை

வாகனத்தில் அடிபட்ட ஆந்தைகளில் அடிக்கடி காண்பது இது. ஆந்தையின் கண் உருண்டையாக இல்லாமல் குழாய் வடிவில் மண்டையோட்டுக்குள் இறுகிக் கிடக்கிறது. நம்மைப் போல விழியை உருட்ட முடியாது, அதனால்தான் கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறது. தலையில் விழும் அடி நேராகக் கண்ணுக்குள் போகிறது. வெளியே ஒரு சொட்டு இரத்தம் இருக்காது, உள்ளே விழித்திரை பிரிந்திருக்கும்.

கண்மணிக்கு முன்னால் சிவப்பாக இரத்தம் தேங்கியிருக்கிறதா, காதுத் துளையில் இரத்தம் இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். காது முகத்து இறகுக்குள், கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிறது. உச்சியில் நிற்கும் இறகுக் கொம்பு காதல்ல. பார்த்துவிட்டு மூடிவிடுங்கள். டோச் அடித்து அடித்துச் சோதிக்க வேண்டாம். இருட்டும் அமைதியும்தான் மருந்தில் பாதி. சூடு வைக்கக் கூடாது, மூளை வீக்கத்துக்கு அது ஆகாது. வைத்தியர் வீக்கத்துக்கும் வலிக்கும் மருந்து கொடுப்பார். இரண்டு நாளில் தலை நேராகும் பறவைகள் நிறைய. கண்ணை மட்டும் விடுவதற்கு முன் இன்னொரு தடவை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு கண் போன ஆந்தையை விடலாமா என்பதில் வைத்தியர்களுக்குள்ளேயே கருத்து வேறுபடும். காதால் வேட்டையாடும் கூகைக்கு ஒரு கண்ணோடு வாழ வாய்ப்புண்டு. ஆனால் அது கூண்டுக்குள் இரை பிடித்துக் காட்ட வேண்டும். காட்டாமல் விடுவதை நான் ஏற்கமாட்டேன்.

அறிகுறி: செட்டை தொங்குகிறது

நுனி தரையில் இழுபட்டால் முழங்கைக்குக் கீழே முறிவாக இருக்கலாம். முழுச் செட்டையும் சற்றே தாழ்ந்து, மடிக்கவும் முடிந்து, ஆனால் உயர்த்த முடியாமல் இருந்தால் தோளையும் மார்பெலும்பையும் இணைக்கும் எலும்பில் வெடிப்பு இருக்கும். இதைக் கையால் தொட்டு உணர்வது கடினம், எக்ஸ்ரே வேண்டும்.

நீங்கள் செய்யக் கூடியது இவ்வளவுதான்: செட்டையை இயல்பாக மடியும் நிலையில் உடலோடு வைத்து, ஒட்டாத பண்டேஜ் துணியால் ஒரு சுற்று. மார்பு விரிந்து சுருங்க இடம் விடுங்கள், பறவை மூச்சு விடுவது மார்புக்கூட்டை அசைத்துத்தான். சலோடேப், பிளாஸ்டர் எல்லாம் இறகோடு பிய்த்துக்கொண்டு வரும். எலும்பு வெளியே தெரிந்தால் சலைனில் நனைத்த துணியால் மூடுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம். பறவையின் மேற்கை எலும்பு உள்ளே வெறுமையாக, மூச்சுப் பைகளோடு தொடர்புடையதாக இருக்கிறது. அங்கே ஊற்றும் தண்ணீர் மூச்சுக்குள் போய்விடும்.

பறவை எலும்பு வேகமாகப் பொருந்தும், இரண்டு மூன்று வாரம் போதும். தப்பாகப் பொருந்துவதும் அதே வேகத்தில்தான். அதனால் "ஞாயிற்றுக்கிழமைதானே, பிறகு கொண்டு போவம்" என்று தள்ளிப்போடாதீர்கள். கட்டை நாட்கணக்கில் அவிழ்க்காமல் விட்டால் செட்டையின் முன்விளிம்புத் தோல் சுருங்கி, எலும்பு கூடினாலும் செட்டை முழுதாக விரியாது. எப்போது அவிழ்த்து நீட்டிப் பயிற்சி கொடுப்பது என்று வைத்தியரிடம் திகதி கேட்டு வாருங்கள்.

அறிகுறி: தங்கூசி (நைலோன் இழை) வலையில் அல்லது முள்ளுக்கம்பியில் சிக்கியிருக்கிறது

வாவிக்கரை ஊர்களுக்கு இதுதான் பெரிய பகுதி. இங்கே சிக்குவது அதிகமும் மீன் ஆந்தை. ஒரு கிலோவைத் தாண்டும் உடம்பு, இறகில்லாத கால், மீனை வழுக்காமல் பிடிக்க உள்ளங்காலில் முள்முள்ளாகச் செதில். உலர்த்தப் போட்ட வலையில் காய்ந்த மீனுக்கோ, ஆழமில்லாத இடத்தில் கட்டிய வலையில் துடிக்கும் மீனுக்கோ வந்து மாட்டிக்கொள்ளும்.

வலைக்காரருக்கு வலை காசு. "தம்பி, அறுக்காமல் எடுக்கேலுமா?" என்றுதான் முதலில் கேட்பார். அறுக்காமல் எடுக்க முடியாது. இரண்டு சாண் வலை போனால் போகட்டும் என்று பேசிச் சம்மதிக்க வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள், பாதியில் வாக்குவாதம் வந்தால் பறவைதான் சாகும். முதலில் தலையை மூடி, காலைப் பிடிக்க ஒரு ஆள். மற்றவர் பறவையைச் சுற்றி வலையை அறுத்து, பறவையை வலைத்துண்டோடு நிழலுக்குக் கொண்டு வர வேண்டும். தொங்கும் நிலையில் சிக்கெடுக்கப் போனால் அது அடிக்கும் அடியில் தோள் விலகும். நிழலில் வைத்துச் சின்னக் கத்தரிக்கோலால் ஒவ்வொரு இழையாக வெட்டுங்கள். எந்த இழையையும் இழுக்காதீர்கள். தங்கூசி இறகுக்கு அடியில் போய் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய தோலில் புதைந்திருக்கும். மேலே பார்த்தால் கோடு மட்டும் தெரியும். இறகை ஊதி விலக்கினால் ஈரமான சிவப்பு வரி ஒன்று வரும், அங்கேதான் இருக்கிறது.

எல்லாம் வெட்டியாகிவிட்டது, பறவை உதறி எழும்புகிறது, வலைக்காரரும் "விடு விடு" என்கிறார். இந்த இடத்தில் விடக் கூடாது. இழை இறுகிய இடத்தில் இரத்த ஓட்டம் நின்றிருந்தால் தோல் கறுத்து அழுகுவது சில நாள் கழித்துத்தான் தெரியும். இன்று பறந்து போன பறவை அடுத்த வாரம் ஏதோ ஒரு பற்றைக்குள் பட்டினியில் கிடக்கும். குறைந்தது ஒரு வாரம் வைத்து, தினமும் அந்த வரியைப் பார்க்க வேண்டும். கால் விரலில் சுற்றியிருந்தால் விரல் சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

முள்ளுக்கம்பி என்றால் கம்பியை இரண்டு பக்கமும் வெட்டி, குத்தியிருக்கும் துண்டோடு வைத்தியரிடம் போங்கள். சுழன்று சுழன்று சுற்றியிருக்கும், நீங்கள் திருகி எடுத்தால் தோல் கிழியும். பட்டம் விடும் நூலுக்கும் இதே முறை.

அறிகுறி: வாய்க்குள் வெளிறிப்போயிருக்கிறது, சின்னக் கீறலிலும் இரத்தம் நிற்கவில்லை, அல்லது வலிப்பு, சுருட்டிய கால்

வயலும் நெற்களஞ்சியமும் உள்ள சம்மாந்துறை, அக்கரைப்பற்று, படுவான்கரைப் பக்கம் இதை முதலில் சந்தேகப்படுங்கள். எலிமருந்துகளில் பல இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை. அதைத் தின்ற எலி உடனே சாகாது, சில நாள் மந்தமாக வெளியே திரியும். ஆந்தைக்கு அதைவிடச் சுலபமான இரை கிடைக்குமா? இதற்கு வைட்டமின் கே1 மருந்து உண்டு. ஆனால் நஞ்சு ஈரலில் தங்குவதால் வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும். பறவை இரண்டாம் நாளே தெளிந்து சண்டை பிடிக்கும், அதை நம்பி மருந்தை நிறுத்தினால் திரும்ப இரத்தம் ஒழுகத் தொடங்கும்.

கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, எச்சில் வடிந்து, கால் இறுகச் சுருண்டிருந்தால் பூச்சிநாசினி. இதில் நேரம் மணிக்கணக்கு அல்ல, நிமிடக் கணக்கு. கையுறை போடுங்கள், ஓட்டோ பிடித்து நேராக வைத்தியரிடம் போங்கள். பக்கத்து வயலில் என்ன அடித்தார்கள் என்று கேட்டு, முடிந்தால் போத்தலின் லேபிளைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: பூனை வாயிலிருந்து மீட்டது, வெளியே ஒன்றும் தெரியவில்லை

தெரியாவிட்டாலும் அன்றைக்கே ஆன்டிபயோட்டிக். பூனைப் பல் ஊசி மாதிரித் துளைத்து மூடிக்கொள்ளும், அதன் வாயிலுள்ள கிருமி ஓரிரு நாளில் பறவையை முடித்துவிடும். காயத்தில் வெள்ளை அரிசி நொய் மாதிரி ஒட்டியிருந்தால் இலையான் முட்டை. நம் சூட்டுக்கு ஒரு நாளுக்குள் புழுவாகும். சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுங்கள்.

அறிகுறி: எலி பிடிக்கும் பசை மட்டையில் ஒட்டியிருக்கிறது

சின்ன ஆந்தைகளுக்கு வரும் வினை. பிய்க்காதீர்கள். வெளியே தெரியும் பசை மேல் முழுக்கக் கோதுமை மா தூவினால் மேலும் ஒட்டுவது நிற்கும். பிறகு தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு, பசை உள்ள இடத்தில் மட்டும், மெல்ல. எண்ணெய் பட்ட இறகைப் பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தில் கழுவி, நன்றாக அலசி உலர்த்த வேண்டும். ஒரே மூச்சில் எல்லாம் செய்தால் பறவை களைத்தே செத்துவிடும். எண்ணெயோடு நிறுத்தி, இருட்டில் ஓய்வு கொடுத்து, கழுவுவதை அடுத்த நாளுக்கு வைக்கலாம்.

அறிகுறி: சாப்பிட மாட்டேன் என்கிறது

வரிசை இது: முதலில் உடல் வெப்பம் சீராக வேண்டும், பிறகு நீர்ச்சத்து, கடைசியில்தான் சாப்பாடு. காய்ந்துபோன பறவையின் வயிற்றில் இறைச்சி விழுந்தால், அதைச் செரிக்கத் தேவையான நீரை உடம்பிலிருந்தே உறிஞ்சும். நல்ல மனதோடு ஊட்டியவர் கையிலேயே பறவை சாவது இப்படித்தான். வாயைத் திறந்தால் எச்சில் நூல் நூலாக இழுபட்டால் நீர் வற்றியிருக்கிறது. வைத்தியர் தோலுக்கடியில் சலைன் ஏற்றுவார். சிறிஞ்சால் வாயில் ஊற்றாதீர்கள். ஆந்தையின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் பின்பக்க அடிப்பகுதியில் திறந்தபடி இருக்கிறது, ஊற்றியது நேராக நுரையீரலுக்குப் போகும்.

தெளிந்த பிறகும் சாப்பிடாவிட்டால் நீங்கள் அறைக்குள் நிற்கிறீர்களா என்று யோசியுங்கள். பொழுதுபட்டதும் இரையை வைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட வேண்டும். காலையில் பாருங்கள். கூகைக்குச் சுண்டெலி மூன்று நான்கு, சின்ன ஆந்தைக்கு வெட்டுக்கிளி, வண்டு, சின்னச் சுண்டெலி, மீன் ஆந்தைக்குப் பச்சை மீனும் நண்டும். கருவாடு, சோறு, பாண், பால் எதுவும் ஆகாது. வெறும் கோழிச் சதையும் ஆகாது. முழு இரை வேண்டும், மயிரும் எலும்பும் சேர்ந்துதான் அதற்கு உணவு. குஞ்சுக்குச் சதை மட்டும் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து இல்லாமல் எலும்பு ரப்பர் மாதிரி வளையும். எலி பிடிக்க முடியாதவர்கள் கோழிக்குஞ்சு பொரிக்கும் இடங்களில் கழிக்கும் ஒருநாள் ஆண்குஞ்சுகளைக் கேட்டு வாங்கலாம். எங்கே செத்ததென்று தெரியாத எலியைக் கொடுக்கவே கூடாது.

சாப்பிட்ட பிறகு மயிரும் எலும்பும் சேர்ந்த உருண்டை ஒன்றைக் கக்கும். வாந்தி என்று பதற வேண்டாம், வயிறு வேலை செய்கிறது. வாய்க்குள் வெள்ளையாகத் தயிர்க்கட்டி மாதிரிப் படிந்திருந்து விழுங்கச் சிரமப்பட்டால் மட்டும் வேறு கதை. புறா தின்ற ஆந்தைகளுக்கு வரும் தொற்று அது, மருந்துண்டு.

அறிகுறி: உள்ளங்கால் சிவந்து வழவழப்பாக இருக்கிறது

குந்தும் கட்டை பிழை. ஒரே தடிப்பான மொழுமொழுப்பான கட்டையை எடுத்துவிட்டு, வெவ்வேறு தடிப்பில் மரக்கிளை வையுங்கள், சிலவற்றில் தும்புக் கயிறு சுற்றுங்கள். வீங்கி நடுவில் கறுப்புப் பொருக்கு வந்துவிட்டால் வைத்தியம் நீளும்.

அறிகுறி: ஆளைக் கண்டால் கிட்ட வருகிறது, கத்திச் சாப்பாடு கேட்கிறது

வீட்டார் ரசிக்கும் அறிகுறி இது. எனக்குப் பயம் தரும் அறிகுறி. கண் திறந்ததிலிருந்து மனித முகத்தைப் பார்த்து வளர்ந்த குஞ்சு தன்னையும் ஆள் என்றே எண்ணிக்கொள்ளும். விட்டால் யாராவது ஒருவர் தோளில் வந்து இறங்கும், அவர் சாக்குருவி என்று தடியால் அடிப்பார். குஞ்சு என்றால் முகத்தை மறைத்து, பேசாமல், துளை வழியாக ஊட்டுங்கள். அதே இனத்துக் குஞ்சு வேறு எங்கேனும் பராமரிப்பில் இருந்தால் திணைக்களம் மூலம் சேர்த்துவிடக் கேளுங்கள். படம் எடுக்க வரும் பிள்ளைகளுக்கு ஒரு "இல்லை" போதும்.

அறிகுறி: கூண்டில் நன்றாகப் பறக்கிறது. விடலாமா?

பறப்பது மட்டும் போதாது. முப்பது அடி நீளமாவது இருக்கும் கூண்டில், பக்கமெல்லாம் கிடுகும் மேலே நிழல் வலையும் போட்டு, பறக்கவிட்டுப் பாருங்கள். கண்ணை மூடிக் கேளுங்கள் என்று சொன்னால் இன்னும் சரி. கூகையும் சின்ன ஆந்தையும் தலைக்கு மேலால் போனாலும் சத்தம் வரக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் "விஷ்" என்று கேட்டால் அந்தச் செட்டை இறகில் குறை இருக்கிறது, எலி அதைக் கேட்டு ஓடிவிடும். மீன் ஆந்தைக்கு இந்தச் சோதனை செல்லாது. அதன் இறகில் சத்தம் அடக்கும் சீப்பு விளிம்பு இல்லை, இயல்பாகவே சத்தம் வரும். தண்ணீருக்குள் இருக்கும் மீனுக்கு அது கேட்கப் போவதில்லை.

அடுத்தது வேட்டை. பெரிய வட்டாவில் தண்ணீரும் உயிர்த் திலாப்பியாவும் விட்டால் மீன் ஆந்தை பிடிக்கிறதா பாருங்கள். மற்றவற்றுக்குச் சருகு பரப்பிய தரையில் உயிர் எலி அல்லது வெட்டுக்கிளி. ஒரு நாள் பிடிப்பது தற்செயலாகவும் இருக்கலாம். தொடர்ந்து சில இரவுகள் தானே பிடித்துத் தின்று நிறை குறையாமல் இருந்தால் விடலாம்.

எப்போது? மாரி அடித்து ஊற்றும் நவம்பர் முதல் ஜனவரி வரை கூடுமானவரை வேண்டாம். ஆந்தை இறகு மெத்தென்றிருப்பதால் தண்ணீரை அவ்வளவு தாங்காது, மழை இரைச்சலில் இரையின் சத்தமும் கேட்காது. மழையில்லாத இரண்டு மூன்று நாளைப் பார்த்து, காகம் அடைந்த பிறகு, பொழுதுபட்ட வெளிச்சத்தில் விடுங்கள். இடம், பெட்டியின் மேல் எழுதிய அந்த இடமே. வளர்ந்த பறவைக்கு அங்கே சோடி இருக்கலாம், எந்த மரத்தில் பொந்து, எந்த மூலையில் எலி என்று அதற்குத் தெரியும். நஞ்சு தின்ற வயல் என்றால் மட்டும் திணைக்களத்தோடு பேசி வேறு இடம் பாருங்கள். பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்குங்கள், மேலே எறிய வேண்டாம். சில நேரம் அரை மணி நேரம் உள்ளேயே குந்தியிருக்கும். இருக்கட்டும்.

அறிகுறி: விட்ட மறுநாள் காலை காகங்கள் சுற்றி நின்று கத்துகின்றன

ஆந்தையைக் கண்டால் காகம் கத்தாமல் இருக்காது, இதற்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். ஆந்தை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அடர்ந்த இலைக்குள், ஆள் எட்டாத உயரத்தில், உடம்பை ஒடுக்கி நிமிர்ந்து குந்தியிருந்தால் விட்டுவிடுங்கள், வெயில் ஏறக் காகம் கலையும். வேலிக் கட்டையிலோ தரையிலோ, இறகை உப்பி, கண் பாதி மூடிக் குந்தியிருந்தால் பழைய சாரத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பிடித்து வாருங்கள். முதலில் மார்பெலும்பைத் தடவிப் பாருங்கள்.